சுகர் இருக்கிற ஆம்பளைங்க டாக்டர்கிட்ட சொல்லாம விடுற விஷயம்

சுகர்னு சொன்னதும் எல்லாரும் வரிசையா ஒப்பிப்பாங்க, கண்ணை செக் பண்ணு, கிட்னி பாரு, கால்ல புண்ணு வராம பாத்துக்கோ, ஹார்ட்டுக்கு ஒரு ஈசிஜி எடுத்துடுன்னு. நானும் டைப் 2 சுகரோட பல வருஷமா இருக்கிற ஆளு, இந்த அட்வைஸ் எல்லாம் கேட்டு கேட்டு மனப்பாடமே ஆயிடுச்சு. ஆனா டாக்டர், நர்ஸ், டயட்டீஷியன், சுகர் இருக்கிற சொந்தக்காரங்கன்னு ஒருத்தர்கூட தானா வாயைத் திறந்து கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. "வீட்ல தாம்பத்யம் எல்லாம் சரியா இருக்கா?" அவங்க கேக்க மாட்டாங்க, நாம சொல்ல மாட்டோம், ரெண்டு பக்கமும் கூச்சம், வருஷம் மட்டும் ஓடிடுது. அதனாலதான் இன்னைக்கு இதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், படிக்கிறவங்க யாராச்சும் ஒருத்தர் அடுத்த செக்கப்ல வாயைத் திறந்தா போதும்.

இது ஏதோ எங்கேயோ ஒருத்தருக்கு வர்ற பிரச்சனை இல்லைங்க. 2017ல 145 ஆய்வுகளை ஒண்ணா சேத்து கணக்கு பாத்தாங்க, அதுல சுகர் இருக்கிற ஆம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு மேல விறைப்புத்தன்மை பிரச்சனை இருந்துச்சு, சுகர் இல்லாதவங்களோட வெச்சு பாத்தா வாய்ப்பு சுமார் 3.5 மடங்கு. டைப் 1ஐ விட டைப் 2ல இன்னும் அதிகம். அதுவும் மத்தவங்களுக்கு வர்றதுக்கு 10, 15 வருஷம் முன்னாடியே நமக்கு வந்துடுது, அதனால நாப்பது வயசுலயே ஒருத்தன் "எனக்கு வயசாயிடுச்சு போல"ன்னு தனக்குத்தானே சமாதானம் சொல்லிட்டு ஒதுங்கிடுறான். புது விஷயமும் கிடையாது. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த பாரசீக மருத்துவர் இப்னு சீனாவே நீரிழிவுக்காரங்களுக்கு பசி தாறுமாறா போறதையும் தாம்பத்ய சக்தி விழுந்துடுறதையும் எழுதி வெச்சிருக்கார்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும், அதனால இதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஆசை மூளையில ஆரம்பிக்குது, சிக்னல் தண்டுவடம் வழியா நரம்புல இறங்குது, அங்க நரம்பு முனையிலயும் ரத்தக்குழாயோட உள்சுவர்லயும் நைட்ரிக் ஆக்ஸைடுன்னு ஒரு வாயு உற்பத்தியாகுது, அது ஆணுறுப்புக்குள்ள இருக்கிற மென்மையான தசையை தளர விடுது, தசை தளர்ந்ததும் ரத்தம் வேகமா உள்ள பாயுது, அந்த அழுத்தத்துல ரத்தத்தை வெளிய கொண்டு போற குழாய்ங்க நசுங்கி மூடிக்குது. சைக்கிள் ட்யூப்ல காத்தடிக்கிற மாதிரிதான், காத்து உள்ள போகவும் வேணும், போன காத்தை வால்வு பிடிச்சு வைக்கவும் வேணும், ரெண்டுல எது சொதப்பினாலும் ட்யூப் நிக்காது. இந்த நைட்ரிக் ஆக்ஸைடு ரத்தக்குழாய்ல என்ன வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூணு பேருக்கும் 1998ல மருத்துவ நோபல் பரிசு கொடுத்தாங்க.

சுகர் என்ன பண்ணுதுன்னா இந்த சங்கிலியில ஒரு கண்ணியை மட்டும் பிடிக்கிறதில்ல, கிட்டத்தட்ட எல்லாத்தையும் பிடிக்குது. ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்கா அதிகமாவே இருந்தா ரத்தக்குழாயோட உள்சுவர் கெட்டுப்போய் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தி குறையுது. சர்க்கரை புரதத்தோட ஒட்டி ஒரு பொருளா மாறி குழாயை விறைப்பாக்கிடுது, அந்தப் பொருளே இருக்கிற கொஞ்சநஞ்ச நைட்ரிக் ஆக்ஸைடையும் அழிச்சிடுது. கால் மரத்துப்போற அதே நரம்பு பாதிப்பு இங்கயும் வருது, சிக்னல் மெதுவா வருது, இல்ல வராமலே போகுது, தொடு உணர்ச்சியும் குறையுது. இதோட டெஸ்டோஸ்டிரோனும் நிறைய பேருக்கு இறங்குது, முக்கியமா தொப்பை இருக்கிறவங்களுக்கு, ஏன்னா வயித்துக் கொழுப்பு ஆண் ஹார்மோனை பெண் ஹார்மோனா மாத்துற வேலையை பண்ணுது. இதெல்லாம் உடம்புல நடக்கும்போது மனசு சும்மா இருக்குமா, ஒரு தடவை சரியா வரலைன்னா அடுத்த தடவை படுக்கைக்கு போறதுக்கு முன்னாடியே "இன்னைக்கும் அப்படி ஆயிடுமோ"ன்னு பயம் வந்துடும், அந்த பயத்துல அட்ரினலின் ஏறும், அட்ரினலின் ஏறினா ரத்தக்குழாய் சுருங்கும், நெஜமாவே அப்படி ஆயிடும்.

உடம்பா மனசான்னு ஓரளவு புரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. ஆரோக்கியமான ஆம்பளைக்கு தூக்கத்துல ராத்திரிக்கு மூணுலருந்து அஞ்சு தடவை தானா விறைப்பு வரும், காலைல எந்திரிக்கும்போது இருக்கிறது அதோட கடைசி ஒண்ணு. அது நல்லா வந்துட்டு மனைவிகூட இருக்கும்போது மட்டும் வரலைன்னா மனசு பக்கம் பெரிய பங்கு இருக்குன்னு அர்த்தம். அதுவும் மாசக்கணக்கா மெல்ல மெல்ல குறைஞ்சு நின்னு போச்சுன்னா ரத்தக்குழாய், நரம்பு, ஹார்மோன் பக்கம் பாக்கணும். சுகர்காரங்களுக்கு பெரும்பாலும் ரெண்டும் கலந்தேதான் இருக்கும், அதனால "உனக்கு எல்லாம் மனப்பிரமை"ன்னு யாராச்சும் சொன்னா அதோட விட்டுடாதீங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். ஆணுறுப்புக்கு போற ரத்தக்குழாய் 1லருந்து 2 மில்லிமீட்டர்தான், இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய் 3லருந்து 4 மில்லிமீட்டர். ரெண்டுலயும் ஒரே அடைப்புதான் ஒரே நேரத்துல வளருது, ஆனா சின்னக் குழாய்ல முதல்ல தெரிஞ்சுடும். அதனாலதான் நிறைய பேருக்கு விறைப்புப் பிரச்சனை வந்து ரெண்டுலருந்து அஞ்சு வருஷம் கழிச்சு நெஞ்சு வலி வருது. சொல்லப்போனா இது உடம்பு நமக்கு முன்கூட்டியே கொடுக்கிற ஒரு அவகாசம், அந்த சமயத்துல கொலஸ்ட்ரால், பிபி, இசிஜி, தேவைப்பட்டா ட்ரெட்மில் டெஸ்ட் எல்லாம் பாத்துட்டா பெரிய ஆபத்தை தள்ளிப் போடலாம். வெக்கப்பட்டு மூடி வைக்கும்போது நாம மூடி வைக்கிறது ஹார்ட்டோட தகவலையும் சேத்துத்தான். எனக்கு இதுலதான் உண்மையான கவலை. உறவு இல்லாம ஒருத்தர் வாழ்ந்துடலாம், அவங்கவங்க விருப்பம், ஆனா இந்த தகவலை டாக்டர்கிட்ட கொடுக்காம இருக்கிறது உயிரோட விளையாடுற காரியம்.

என் ஃப்ரெண்டு ஒருத்தன், பேரு வேண்டாம், சுகரும் பிபியும் ரெண்டும் உண்டு. ஒரு நாள் வந்து ரொம்ப நேரம் வேற என்னென்னமோ பேசிட்டு, கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கிட்டே "மச்சான், ஒண்ணு கேக்கணும், யார்கிட்டயும் சொல்லிடாதடா"ன்னான். ரெண்டு வருஷமா வீட்ல ஒண்ணும் இல்லையாம். மனைவி தூங்கினப்புறம்தான் படுக்கப் போவானாம், அது வரைக்கும் ஹால்ல ஃபோனை நோண்டிட்டு இருப்பானாம். அப்புறம் சட்டைப் பையிலருந்து ஒரு சின்ன பாக்கெட் எடுத்துக் காட்டினான், ஆன்லைன்ல வாங்கினதாம், முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லைன்னு பெருசா அச்சடிச்சிருக்கு. "இன்னைக்கு ராத்திரி ட்ரை பண்ணலாம்னு இருக்கேன்"னான். அதே பையிலருந்து பாக்கெட்டோட ஒட்டிக்கிட்டு இன்னொரு ஸ்ட்ரிப்பும் வெளிய வந்துச்சு. என்னடா இதுன்னு கேட்டா, "அது நெஞ்சு பிடிச்சா நாக்குக்கு அடியில வைக்க டாக்டர் குடுத்தது"ன்னு சாதாரணமா சொல்றான்.

எனக்கு கை நடுங்கிடுச்சு. ஏன்னு சொல்றேன். மூலிகைன்னு விக்கிற இந்த மாதிரி கேப்ஸ்யூல்கள்ல லேபிள்ல போடாம சில்டெனாஃபில் கலந்திருக்கிறதை அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை எஃப்டிஏ திரும்பத் திரும்ப டெஸ்ட்ல கண்டுபிடிச்சு எச்சரிக்கை குடுத்துட்டே இருக்கு. சில்டெனாஃபில்னா வயாக்ராவுல இருக்கிற அதே மருந்து. நாக்குக்கு அடியில வைக்கிற அந்த மாத்திரை நைட்ரேட் வகை. ரெண்டும் ஒரே பாதையிலதான் ரத்தக்குழாயை விரிய வைக்குது, ஒண்ணா சேந்தா பிபி சட்டுனு பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டா 24 மணி நேரத்துக்கு, அதே வகையைச் சேந்த டடாலஃபில் போட்டா 48 மணி நேரத்துக்கு நைட்ரேட் தொடவே கூடாது, தினமும் நைட்ரேட் சாப்பிடுறவங்க இந்த வகை மாத்திரையை எடுக்கவே கூடாது. நெஞ்சு வலின்னு எமர்ஜென்சிக்கு போனா, எவ்வளவு கூச்சமா இருந்தாலும், மனைவி மாமியார் எல்லாம் பக்கத்துல நின்னாலும், "டாக்டர், நேத்து ராத்திரி இந்த மாத்திரை போட்டேன்"னு முதல்ல சொல்லிடுங்க.

மறுநாளே அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன். அங்க நடந்தது எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு, அவர் சிரிக்கவும் இல்ல, லெக்சர் அடிக்கவும் இல்ல, சுகர் கணக்கு கேக்குற அதே குரல்ல கேள்வி கேட்டார். எப்ப ஆரம்பிச்சது, சட்டுனா மெதுவாவா, காலைல விறைப்பு இருக்கா, ஆசை இருக்கா இல்ல ஆசையே குறைஞ்சிடுச்சா, வேற என்னென்ன மாத்திரை, ராத்திரி குறட்டை விடுறீங்களா, சிகரெட் உண்டா. குறட்டை எதுக்குன்னு எனக்கு முதல்ல புரியல, தூக்கத்துல மூச்சு தடைபடுற வியாதி சுகர்காரங்களுக்கு நிறைய உண்டாம், அது டெஸ்டோஸ்டிரோனையும் விறைப்பையும் ரெண்டையும் கெடுக்குமாம். அவன் சாப்பிட்டுட்டு இருந்த பழைய பிபி மாத்திரையும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்லி வேற எழுதினார். முதல்ல ஹார்ட்டை பாக்கலாம், அதுக்கப்புறம்தான் மத்ததுன்னு கார்டியாலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார், வயாக்ரா வகை மாத்திரை அவனுக்கு ஒத்து வராதுன்னு வேக்கம் பம்ப் பத்தி விளக்கினார், அடுத்த தடவை மனைவியையும் கூட்டிட்டு வாங்கன்னார். அந்தம்மா அப்புறம் என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க, "அண்ணா, இவ்வளவு நாளா வேற எங்கயோ மனசு போயிடுச்சுன்னுல நான் நினைச்சுட்டு இருந்தேன்". ரெண்டு வருஷம் அந்தம்மா அந்த நினைப்போட தனியா இருந்திருக்காங்க. இதை எழுதுறதுக்கு பாதி காரணம் அந்த ஒரு வரிதான்.

பிபி மாத்திரைன்னதும் ஒண்ணு சொல்லிடுறேன். சில பீட்டா ப்ளாக்கர், நீர் பிரிய குடுக்கிற தயசைடு வகை, டிப்ரஷனுக்கு குடுக்கிற சில மாத்திரை, இதெல்லாம் விறைப்பையோ விந்து வெளியேறுறதையோ பாதிக்கலாம். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, பிபி ஏறி ஸ்ட்ரோக் வந்தா அது இதை விட பெரிய நஷ்டம். மாத்த முடியுமான்னு கேளுங்க, பெரும்பாலும் வேற மருந்து இருக்கும். சுகருக்கு குடுக்கிற மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா சாப்பிடுறவங்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பை பாதிக்கும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும்.

சரி, விறைப்புக்கான மாத்திரை யாருக்கு ஒத்து வருமோ அவங்களுக்கான விஷயம். சில்டெனாஃபில் முதல்ல நெஞ்சு வலிக்காக சோதனை பண்ணின மருந்து, 1998 மார்ச்ல இந்தப் பிரச்சனைக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அது பண்ற வேலை எளிமையானது, நைட்ரிக் ஆக்ஸைடு கிளப்பி விடுற கெமிக்கலை உடைக்கிற ஒரு என்சைம் இருக்கு, பிடிஇ5னு பேரு, அதை தடுக்குது, அவ்வளவுதான். அதனால ஆசையும் தூண்டுதலும் இல்லாம மாத்திரை மட்டும் எதையும் பண்ணாது, போட்டுட்டு டிவி பாத்துட்டு உக்காந்திருந்தா ஒண்ணும் நடக்காது. சில்டெனாஃபில் ஒரு மணி நேரம் முன்னாடி, வயிறு முட்ட கொழுப்பு சாப்பாடு சாப்பிடாம போடணும், சாப்பிட்டு போட்டா லேட்டாகும், குறையும். டடாலஃபில் 36 மணி நேரம் வரைக்கும் வேலை செய்யும், சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, தினமும் சின்ன டோஸா எடுக்கிற முறையும் இருக்கு, நேரம் பாத்து பரபரக்க வேண்டியதில்லைன்னு நிறைய பேருக்கு இது பிடிக்குது.

சுகர் இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரை மத்தவங்க அளவுக்கு வேலை செய்யாதுங்கிறது உண்மை, நரம்பே பலவீனமா இருந்தா நைட்ரிக் ஆக்ஸைடு முதல்லயே குறைவா இருக்கும், அது கிளப்பி விடுற கெமிக்கலை காப்பாத்தி வைக்கிறதுல என்ன பெருசா கிடைக்கும். ஆனாலும் 1999ல சுகர்காரங்களை மட்டும் வெச்சு பண்ணின ஆய்வுல சில்டெனாஃபில் எடுத்தவங்கள்ல 56 சதவீதம் பேர் முன்னேற்றம்னு சொன்னாங்க, வெறும் டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 10 சதவீதம்தான். ஒரு தடவை போட்டு வரலைன்னு தூக்கி போடுறவங்கதான் அதிகம். டாக்டர் சொன்ன டோஸ்ல, சொன்ன முறையில ஆறேழு தடவையாவது பாத்துட்டுத்தான் வேலை செய்யலைன்னு முடிவுக்கு வரணும். தலைவலி, முகம் சூடாகுறது, மூக்கடைப்பு சாதாரணம். கண்பார்வை சட்டுனு மங்கினாலோ, விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல இறங்காம இருந்தாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காம ஆஸ்பத்திரி போகணும், அது அப்படியே இருந்தா உள்ள திசு செத்துப்போய் நிரந்தரமா பாதிப்பு ஆயிடும்.

மாத்திரை ஒத்து வராதவங்களுக்கு வழி அடைஞ்சு போயிடல. வேக்கம் பம்ப்னா ஒரு ப்ளாஸ்டிக் குழாய், காத்தை உறிஞ்சி ரத்தத்தை உள்ள இழுக்கும், அப்புறம் அடியில ஒரு ரப்பர் வளையம் மாட்டணும், 30 நிமிஷத்துக்கு மேல வளையத்தை விடக்கூடாது. முதல்ல சங்கடமாத்தான் இருக்கும், கணவன் மனைவி ரெண்டு பேரும் சேந்து கத்துக்கிட்டா சீக்கிரம் பழகிடும், நரம்பு கெட்டவங்களுக்கும் இது வேலை செய்யும். அடுத்தது ஊசி, அல்ப்ரோஸ்டாடில்னு ஒரு மருந்தை ரொம்ப மெல்லிசான ஊசியில ஆணுறுப்போட பக்கவாட்டுல போடுறது, கேக்கவே பயமா இருக்கும், ஆனா இன்சுலின் போட்டு பழகினவங்களுக்கு கை வந்துடும், முதல் டோஸ் டாக்டர் முன்னாடிதான் போடணும். இதெல்லாமும் சரிப்படலைன்னா ஆபரேஷன் பண்ணி ஆணுறுப்புக்குள்ள இம்ப்ளான்ட்னு ஒரு செயற்கைக் கருவி வைக்கலாம், வெச்சவங்கள்ல திருப்தியா இருக்கிறவங்க நிறைய, ஆனா சுகர் கன்ட்ரோல்ல இல்லைன்னா இன்ஃபெக்ஷன் ஆபத்து இருக்கிறதால சுகரை இறக்கிட்டுத்தான் கை வைப்பாங்க.

இப்ப அடிப்படை. சுகரை இறக்கினா விறைப்பு அடுத்த வாரமே திரும்பி வந்துடும்னு யாரும் நினைக்காதீங்க, பல வருஷமா கெட்ட நரம்பும் குழாயும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. ஆனா மேல கெடாம நிறுத்தலாம், சீக்கிரம் ஆரம்பிச்சவங்களுக்கு நல்லாவே திரும்பும், மாத்திரையும் நல்லா வேலை செய்யும். மூணு மாச சுகர் சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி பொதுவா 7க்கு கீழ இருக்கணும், வயசையும் மத்த வியாதியையும் பொறுத்து டாக்டர் மாத்தி சொல்வார். என் அனுபவத்துல சொல்லணும்னா பெரிய வித்தியாசம் வந்தது நடையிலதான். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கிறதுன்னு எல்லாரும் சொல்றது ஹார்ட்டுக்கு மட்டும் இல்ல, ரத்தக்குழாய் உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தி பண்ண அதுக்கு ரத்த ஓட்டத்தோட உரசல் வேணும், வேகமா நடக்கும்போது அதுதான் கிடைக்குது. 2004ல இத்தாலியில உடல் பருமன் இருந்த 110 ஆம்பளைங்களை ரெண்டு வருஷம் கவனிச்சாங்க, அவங்களுக்கு சுகர் இல்ல, விறைப்புப் பிரச்சனை இருந்தவங்க, அதுல சாப்பாடும் உடற்பயிற்சியும் முறையா மாத்தின குழுவுல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு மருந்தே இல்லாம இயல்புக்கு திரும்பிடுச்சு. உடம்பு எடை 5, 10 சதவீதம் குறைஞ்சாலே டெஸ்டோஸ்டிரோனும் ஏற ஆரம்பிக்கும். சிகரெட் பத்தி என்ன சொல்ல, சுகர் கெடுக்கிற அதே குழாயை அதுவும் கெடுக்குது, ரெண்டையும் ஒரே உடம்புல வெச்சுக்கிட்டு மாத்திரை வேலை செய்யலைன்னு கேக்கிறதுல அர்த்தமே இல்ல.

ஹார்ட் பிரச்சனை இருக்கிறவங்க உறவு வெச்சுக்கலாமான்னு கேப்பாங்க. ரெண்டு மாடி படி விடாம சுறுசுறுப்பா ஏறி மூச்சு வாங்காம நெஞ்சு வலிக்காம இருக்க முடிஞ்சா பொதுவா உடம்பு அந்த உழைப்பை தாங்கும்னு டாக்டருங்க சொல்ற ஒரு கணக்கு உண்டு. வலி வந்தா கார்டியாலஜிஸ்ட்டை பாத்துட்டு அப்புறம்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. ஆசையே இல்ல, எப்பவும் அசதி, தசை குறையுது, இப்படி இருந்தா டெஸ்ட் பண்ணலாம், ஆனா காலைல, வெறும் வயித்துல, ரெண்டு தனித்தனி நாள்ல எடுக்கணும், சாயங்காலம் எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வெச்சு யாரும் ஊசி போட ஆரம்பிக்கக் கூடாது. இன்னொரு விஷயம், வெளியிலருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டா விந்தணு உற்பத்தி படுத்துடும், குழந்தை எதிர்பாக்கிறவங்க இதை தெரியாம போட்டுக்கிட்டு மாசக்கணக்கா தவிக்கிறாங்க, ஜிம்ல குடுக்கிறதும் இதே கதைதான்.

குழந்தைன்னதும் இதையும் சொல்லணும், ஏன்னா ரொம்ப பேருக்கு இது தெரியவே தெரியாது. சிலருக்கு உச்சம் வரும், சுகம் இருக்கும், ஆனா விந்து வெளிய வராது, இல்ல ரொம்ப கொஞ்சமா வரும், அப்புறம் சிறுநீர் போனா கலங்கலா இருக்கும். சிறுநீர்ப்பை வாசல்ல ஒரு தசை இருக்கு, அது அந்த நேரத்துல மூடணும், சுகர் அதோட நரம்பை கெடுத்துட்டா மூடாது, விந்து பின்பக்கமா பைக்குள்ள போயிடும். உடம்புக்கு இதால ஆபத்து ஒண்ணும் இல்ல, ஆனா குழந்தை உண்டாகாம போக இது ஒரு காரணம். உச்சத்துக்கு அப்புறம் எடுத்த சிறுநீரை மைக்ரோஸ்கோப்ல பாத்தாலே கண்டுபிடிச்சிடலாம், சிலருக்கு மாத்திரையில சரியாகும், இல்லைன்னா சிறுநீர்லருந்தே அணுக்களை பிரிச்சு எடுத்து சிகிச்சை பண்ண முடியும். வருஷக்கணக்கா குழந்தை இல்லைன்னு மனைவியை மட்டும் டெஸ்ட் டெஸ்ட்டா அலைய விடுற வீடுகள்ல சுகர் இருக்கிற கணவர் முதல்ல ஒரு டெஸ்ட் பண்ணிக்கணும், இதை நான் அழுத்தியே சொல்றேன்.

முன்தோல்ல அரிப்பு, சிவப்பு, வெள்ளையா படியறது, தோல் இறுகி பின்னால தள்ள முடியாம போறது, இதுவும் சுகரோட வேலைதான், பூஞ்சைக்கு சர்க்கரை பிடிக்கும். சில பேருக்கு சுகர் இருக்கிறதே இந்த அரிப்புக்காக போனப்பதான் தெரிய வந்திருக்கு. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரையை சிறுநீர்ல வெளியேத்துற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது இன்னும் அதிகமா வரும், தினமும் தண்ணியில கழுவி நல்லா ஈரம் துடைச்சு காய விட்டா பெரும்பாலும் தவிர்க்கலாம், வந்தா க்ரீம்ல சரியாகும். ஆனா அந்த இடத்துலயோ விரைப்பை பக்கமோ ஆசன வாய் பக்கமோ கடுமையான வலி, வீக்கம், கூடவே காய்ச்சல்னா அது வேற, அபூர்வமா வர்ற பயங்கரமான இன்ஃபெக்ஷன், உடனே எமர்ஜென்சி. எஃப்டிஏ 2018ல இந்த மாத்திரைங்களுக்கே அப்படி ஒரு எச்சரிக்கை போட்டுச்சு.

டாக்டர்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா முதல் வாக்கியத்தை வீட்லயே தயார் பண்ணிட்டு போங்க. "டாக்டர், சுகர் ரிப்போர்ட்டோட இன்னொரு விஷயமும் பேசணும், உறவுல விறைப்பு சரியா வர்றதில்ல." அவ்வளவுதான், மீதியை அவர் கேட்டுக்குவார். உக்காந்ததும் சொல்லுங்க, கதவுக்கிட்ட போய் திரும்பி நின்னு சொன்னா அவர்கிட்ட அதுக்கு நேரம் இருக்காது. சாப்பிடுற எல்லா மாத்திரையும், ஆன்லைன்ல வாங்கினது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க. அவர் முகம் சுளிச்சா வேற டாக்டரை பாருங்க, சிறுநீர், ஆணுறுப்பு பிரச்சனை பாக்கிற யூராலஜிஸ்ட், ஹார்மோன் பிரச்சனை பாக்கிற எண்டோகிரைனாலஜிஸ்ட் ரெண்டு பேருக்குமே இது தினசரி வேலை.

இதைப் படிக்கிற மனைவிமார்களுக்கு, அவர் ஒதுங்குறது உங்க மேல ஆசை போயிட்டதால இருக்கணும்னு இல்லைங்க, தோத்துடுவோமோங்கிற பயத்துல தொடுறதையே நிறுத்திடுறாங்க, கை பிடிச்சா அது எங்க போய் முடியுமோன்னு கையையே பிடிக்க மாட்டாங்க. படுக்கையில வெச்சு இதை பேசாதீங்க, பகல்ல, ரெண்டு பேரும் வேற ஏதாச்சும் வேலையா இருக்கும்போது "என்னங்க, சுகர்னால இப்படி ஆகுமாம், டாக்டரை சேந்தே போய் பாக்கலாமா"ன்னு கேளுங்க. "சேந்தே"ங்கிறதை விட்டுடாதீங்க.

கடைசியா இன்சுலின் போடுற தம்பிகளுக்கு, முக்கியமா டைப் 1ல இருக்கிற சின்னப் பசங்களுக்கும் புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கும். உறவும் ஒரு உடல் உழைப்புதான், சுகர் இறங்கும். வேர்வை, படபடப்பு, நடுக்கம் எல்லாம் அந்த நேரத்துல சாதாரணம்னு தோணும், ஆனா லோ சுகரோட அறிகுறியும் அதேதான், ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாம மயங்கிப் போகலாம். முன்னாடி ஒரு தடவை சுகர் பாத்துக்கோங்க, 90க்கு கீழ இருந்தா ஏதாச்சும் சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க, குளுக்கோஸ் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். ராத்திரி குடிச்சிருந்தா இன்னும் கவனம், ஆல்கஹால் பல மணி நேரம் கழிச்சும் சுகரை இறக்கும். இன்சுலின் பம்ப் மாட்டியிருக்கிறவங்க கொஞ்ச நேரம் கழட்டி வெச்சுக்கலாம், முடிஞ்சதும் மறக்காம திரும்ப மாட்டிடுங்க. லோ ஆனா என்ன பண்ணணும், குளுக்கோஸ் எங்க இருக்குன்னு கூட இருக்கிறவங்களுக்கு முன்னாடியே காட்டி வெச்சிடுங்க.